நான்காம் அறைக்கு ஒரு கோடு

கென்ட்
9 ஜனவரி 2018

அன்புள்ள அக்கா லுட்கார்டுக்கு,

தம்பி ஃபிர்மின் எழுதுவது. புத்தாண்டு உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பூசைக்குப் போகாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. ஆகவே சொல்லவில்லை.

ஒரு செய்தி. ஓஸ்டென்ட் அருங்காட்சியகத்தில் என் படங்களை மட்டும் வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தப்போகிறார்கள். இருபது வயதில் போட்டதிலிருந்து இன்றுவரை எல்லாம். திறப்பு அக்டோபரில். பொறுப்பாளர் ஹன்னெலோர் போன வாரம் இங்கே வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். கட்டிடத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள்:

"மொத்தம் நாலு அறை ஐயா. முதல்லே சேறு. ரெண்டாவதுலே வெள்ளை. மூணாவதுலே கோடு."

"நாலாவதுலே?"

"அதை நீங்கதான் சொல்லணும். புதுசா ஏதாவது. இதுவரைக்கும் யாரும் பார்க்காதது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அங்கே கடை போட்ருவோம். கோப்பை, குடை, உங்க கோடு அச்சடிச்ச துண்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவியன் செத்துப்போனவன் என்றால் வாசலில் துண்டு விற்கலாம். உயிரோடு இருப்பவனுக்கு நான்காம் அறை வேண்டும் அக்கா.

உன் சமையலறையில் தொங்கும் 'பீட்ரூட் அறுவடை'யை முதல் அறைக்குக் கேட்கிறார்கள். தருவாயா? உன் செபத்தில் ஒரு மூலையில் என்னையும் நிறுத்திவை.

உன் தம்பி,
ஃபிர்மின்

•

லாம்பர்னிஸே
17 ஜனவரி, வனத்து அந்தோணியார் திருநாள்

மரியே வாழ்க.

அன்புத் தம்பி ஃபிர்மினுக்கு, அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் கோழிகளும் நலம். முழங்கால் மழைக்கு முன்பே சொல்லிவிடுகிறது, வானொலியைவிட ஒழுங்காக. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? தனியாக இருக்கிற ஆம்பளைகள் ரொட்டியை நின்றுகொண்டே தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்பார்கள்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். தொலைபேசியில் சொல்லாமல் எழுதினாயே, அதற்கு நன்றி. நாம் இருவரும் தொலைபேசியில் பேசினால் மூன்றாம் வாக்கியத்தில் சண்டை வந்துவிடும்.

படத்தைத் தருகிறேன். அடுப்புக்கு மேலே தொங்கியதால் எண்ணெய்ப் புகை படிந்திருக்கிறது. துடைக்கட்டுமா வேண்டாமா என்று எழுது. அதை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. விரல் தடிமனுக்குக் கறுப்பும் பழுப்புமாய் அப்பியிருந்தாய். அப்பா வயலிலிருந்து வந்து, வாசலில் மரக்கட்டைச் செருப்பைச் சுரண்டிக்கொண்டே எட்டிப்பார்த்தார். "நான் இங்கே சேத்தைச் சுரண்டிட்டு உள்ளே வர்றேன். இவன் அதையே சட்டம் போட்டு உள்ளே கொண்டாந்துட்டான்!" என்றார். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது குனிந்திருக்கும் அந்த இரண்டு உருவங்களையும் பார்த்துவிட்டு, "இடுப்பு வலி தெரியுது" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

பக்கத்துப் பண்ணை ஆஷீலிடம் கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். பால் கறப்பதை நிறுத்தாமல், "நாப்பது வருஷத்துக்கு மேலே போடுறான். இன்னும் முடியலையா?" என்று கேட்டார். அவரைத் தெரியுமே உனக்கு.

நான்காம் அறையில் என்ன வைக்கப்போகிறாய்? எனக்கு மட்டும் சொல்.

இறைவன் உன்னோடு இருக்கட்டும்.
அக்கா லுட்கார்ட்

•

கென்ட்
4 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நின்றுகொண்டு சாப்பிடுவதில்லை, உட்கார்ந்துகொண்டே சாப்பிட மறந்துவிடுகிறேன். படத்தைத் துடைக்காதே. உன் சமையல் புகையும் அதன் வயதில் சேர்ந்ததுதான்.

ஹன்னெலோர் மறுபடி வந்து இரண்டாம் அறையைப் பற்றிக் கேட்டாள். சேற்றை அள்ளி அப்பிக்கொண்டிருந்தவன் திடீரென்று எப்படி வெள்ளைக்குப் போனேன் என்று. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் மாடியில் நான் சுருட்டிப் போட்டிருந்த இன்னொரு அறுவடைப் படத்தை, பழைய லினன் துணிதானே என்று நீ சோடாக்காரத்தில் வேக வைத்து, வெளுக்கட்டும் என்று புல்லில் விரித்துவிட்ட கதையை.

"உங்க அக்கா துவைச்சிட்டாங்களா?"

"துவைக்கலே. வேக வெச்சா. தலையணை உறை தைக்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"முதல்லே கத்தினேன். கோழியெல்லாம் கூரையேறிடுச்சு."

"அப்புறம்?"

அப்புறம் நடந்ததை அவளுக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. உனக்குத் தெரியும். அந்தப் புல்வெளியில் பழுப்பெல்லாம் போய், குனிந்திருந்த இரண்டு பேரின் நிழல் மட்டும், பால் ஆடை மாதிரி, துணியில் மிச்சம் இருந்தது. நான் அப்பியதெல்லாம் போன பிறகுதான் நான் போட நினைத்தது தெரிந்தது. அன்று இருட்டும்வரை புல்லில் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, "தலையணை உறை வேண்டாம் போ, நீயே வெச்சுக்க" என்றாய். அடுத்த பத்து வருடம் நான் வெள்ளையைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

ஹன்னெலோர் இதை அப்படியே சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்கிறாள். பெரிய எழுத்தில், உன் பெயரோடு.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆஷீலுக்கு என் வணக்கம், மாட்டுக்கும்தான்.

ஃபிர்மின்

•

லாம்பர்னிஸே
14 பிப்ரவரி, சாம்பல் புதன்

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கோபப்படக்கூடாத நாள். ஆகையால் மெதுவாகச் சொல்கிறேன்: என் பெயரைச் சுவரில் எழுதினால் நான் அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன். தம்பி படத்தை வேக வைத்தவள் என்று ஓஸ்டென்ட் முழுக்கப் பேசவா? எழுதித்தான் தீருவார்கள் என்றால், சோடா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று என்னைக் கேட்டுச் சரியாக எழுதச் சொல். யாராவது வாசித்துவிட்டு அளவு தெரியாமல் கையைப் பொசுக்கிக்கொள்ளப் போகிறார்கள்.

மூன்றாம் அறையைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதில்லை. நீ வெள்ளையையும் விட்டு, ஒரே ஒரு கோடு என்று ஆனபோது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டடித் துணி, அதில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை கிடையாக ஒரு கோடு. அளவுகோல் வைக்காமல், மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே இழுப்பில் போடுவதாகச் செய்தித்தாளில் புகழ்ந்தார்கள். ஆஷீல், "எங்க வேலிக் கம்பியும் அப்படித்தான் இருக்கு, அதையும் விப்பியா?" என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு என் வீட்டுக்காரர் ஓமேர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே நடைக்கூடத்தில் உன் கோடு ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே போய் அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாத நேரமெல்லாம் அதற்கு எதிரே உட்காருவேன். நம் கழனிவெளிக்கு அப்பால் வானம் தொடங்குகிற இடம் அது. அவ்வளவுதான், அங்கே யாரும் சாகவில்லை. செபமாலை கையிலேயே இருக்கும், உருட்டமாட்டேன். அதுவே செபம் போல இருந்தது. இதைச் சொல்லத் தோன்றியது.

நான்காம் அறையைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

தவக்காலத்தில் நல்லதே நினை.
அக்கா

•

கென்ட்
9 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். அதை ஜேபியிலேயே வைத்திருக்கிறேன். பேனா தகராறு செய்கிறது, ஆகையால் தட்டச்சு.

நலம். வேலை மெதுவாக நடக்கிறது. கோடு முன்போலக் கண்ணுக்கு அகப்படவில்லை. பார்க்கலாம்.

ஈஸ்டருக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள்.

ஃபிர்மின்

•

லாம்பர்னிஸே
18 ஏப்ரல்

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, தட்டச்சில் அடித்து அனுப்ப நான் என்ன உன் வழக்கறிஞரா? அம்மாவின் சாவுச் செய்தியைக்கூட நீ கையால்தான் எழுதினாய். பேனா கெட்டுப்போனால் பென்சில் இருக்கிறது. உன் வீட்டில் பென்சிலுக்குப் பஞ்சமா?

கோடு கண்ணுக்கு அகப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கும் உன் வயதில்தான் கண் மங்கியது. மருத்துவரிடம் காட்டினாயா? உண்மையைச் சொல்.

முட்டை கிடைக்கிறது ஏராளமாக. வந்தால் எடுத்துப்போகலாம்.

அக்கா

•

லாம்பர்னிஸே
13 மே

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, நீ பதில் போடவில்லை. ஆகையால் நானே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

நேற்று கிஸ்டலுக்குப் போய்க் கண்ணுக்கு உரிய புனித கொதலீவ் அம்மாளிடம் உனக்காக நேர்ச்சை செலுத்திவிட்டு வந்தேன். சைக்கிளில்தான், போக வர. முறைப்படி வழியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இதை ஆஷீல் தெரிந்துகொண்டார். பால் வண்டியை என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து, "லுட்கார்ட், உன் வீட்டுப் புகைபோக்கி தீப்பிடிச்சு எரியுது!" என்று கத்தினார். நான் திரும்பவில்லை. "கோழியெல்லாம் ரோட்டுலே நிக்குது!" என்றார். அதற்கும் திரும்பவில்லை. "உன் தம்பி படம் நல்லா இருக்கு!" என்றார். அப்போதுதான் கொஞ்சம் தடுமாறினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அம்மாள் கிணற்றுத் தண்ணீர் ஒரு புட்டி இதோடு வருகிறது. காலையும் மாலையும் சுத்தமான துணியில் நனைத்துக் கண்ணில் ஒற்று. விசுவாசம் இல்லாவிட்டாலும் ஒற்று. எனக்கு இருப்பது இரண்டு பேருக்குப் போதும்.

அக்கா

•

கென்ட்
21 மே, பெந்தெகொஸ்தே திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதுகிறேன். இந்தக் கிறுக்கலை வாசிக்க முடிகிறதா? கோழி மிதித்த காகிதம் அல்ல, நான் எழுதியதுதான்.

அக்கா, நீ தவறான புனிதரிடம் போய்விட்டாய்.

எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. புட்டியைப் பார்த்ததும் சிரித்தேன், பிறகு சிரிப்பு வேறாகிவிட்டது. முழங்காலை வைத்துக்கொண்டு கிஸ்டல்வரை நீ பேசாமல் மிதித்ததை நினைத்தபோது இதற்குமேல் மறைக்கக்கூடாது என்று பட்டது. கை. வலது கை. போன குளிர்காலத்திலிருந்து நடுங்குகிறது. நடுக்குவாதம் என்றார் மருத்துவர். இதனால் சாகமாட்டேனாம். மாத்திரை கொஞ்சம் கட்டுப்படுத்தும், போகாது.

மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் போட்ட கோடு, அதுதான் நான். இப்போது பாதி வழியில் கை உதறி, கோடு பல்லைக் காட்டுகிறது. ஜனவரியிலிருந்து போட்ட துணி எல்லாவற்றையும் கத்தியால் கிழித்துவிட்டேன். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து முயன்றேன். இடது கையால் முயன்றேன். அளவுகோல்கூட வைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அளவுகோல் வைத்த கோடு செத்துக் கிடந்தது.

ஹன்னெலோருக்குத் தெரியாது. ஜூன் முடிவில் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன், நான்காம் அறையில் கடையைப் போடச் சொல்லி. மூன்று அறையோடு ஒரு மனிதன் முடிந்தால் என்ன? பலருக்கு ஒரு அறைகூடக் கிடைப்பதில்லை.

தண்ணீரைக் கண்ணில் விட மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. ஜன்னல் செடிக்கு ஊற்றினேன். அதற்குப் பார்வை தெளிந்திருக்கும்.

உன் தம்பி,
ஃபிர்மின்

•

லாம்பர்னிஸே
24 மே

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, கடிதம் கிடைத்தது. ஒரு எழுத்து விடாமல் வாசிக்க முடிந்தது.

புனிதர்களுக்குள் பொறாமை கிடையாது. தனக்கு உரியதல்லாத விண்ணப்பம் வந்தால் கொதலீவ் அம்மாள் அதை நடுக்கத்துக்கு உரிய கொர்னேலியுஸிடம் அனுப்பிவைப்பார். நகராட்சி மாதிரி முத்திரை குத்தித் திருப்பி அனுப்பமாட்டார்.

ஊர்த் திருவிழா ஜூன் பதினேழு. அதற்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, சுவர் அடியில் தார்ப் பட்டை போட வேண்டும். ஊரில் எல்லா வீடும் முடிந்துவிட்டது. என் வீடு மட்டும் அழுக்குப் பாவாடையோடு நிற்கிறது. வழக்கமாகப் போடும் ஆஷீலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தார் வாங்கி வைத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி வா. பழைய கால்சட்டை கொண்டு வா.

அக்கா

•

லாம்பர்னிஸே
20 ஜூன்

மரியே வாழ்க.

ஃபிர்மினுக்கு எழுதுவது. திருவிழா முடிந்த காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். காபிகூடக் குடிக்கவில்லை. பால்சோறு ஒரு சட்டி நிறைய, குங்குமப்பூ போட்டுச் செய்தது, அப்படியே கிடக்கிறது. பின்சுவர் பாதியில் நிற்கிறது. நீளக் கட்டை மாட்டிய என் தார் பிரஷையும் காணோம், மிச்சத் தாரையும் காணோம். அறுபத்தைந்து வயது ஆம்பளை அக்கா வீட்டில் திருடிக்கொண்டு முதல் ரயிலைப் பிடித்தால் நான் பாவசங்கீர்த்தனத்தில் யாருடைய பாவத்தைச் சொல்வது?

நீ போன பிறகு இங்கே நடந்ததை உனக்கு எழுதத்தான் வேண்டும். முதலில் நடந்ததும் எனக்கு ஆறவில்லை. சுண்ணாம்பு அடித்தாய், சரி. தார் வாளியைக் கொண்டுவந்து வைத்ததும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, என்னாலே கோடு போட முடியாது. உனக்குத் தெரியுமில்லே?" என்றாய். ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "யாருடா உன்னைக் கோடு போடச் சொன்னது? சுவரு நனையாம இருக்கத் தார் அடிக்கச் சொன்னேன். அடி!" என்றேன். இதற்காக அன்று ராத்திரி ஒரு செபமாலை அதிகம் சொன்னேன்.

ஆஷீல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றது உனக்குத் தெரியும். "என்ன ஃபிர்மின், ஓவியருக்கு நேர்க்கோடு வராதா? என் பசு வாலாலே போட்டா இதைவிட நேரா வருமே!" என்றதும் தெரியும். நீ திரும்பாமல், "அப்ப அதைக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருமா முடிச்சிடுறோம்" என்றாய். அப்புறம் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, நுனியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தாய். முன்சுவர் முடிந்ததும் பிரஷைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்றாய். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். கேட்கவில்லை உனக்கு.

இப்போது கேள். நேற்று மாலை வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு வந்தேன். ஆஷீல் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு, என் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கி அவர் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"என்ன ஆஷீல், கோளாறா இருக்குன்னு ஊரைக் கூட்டிக் காட்டுறீங்களா?" என்றேன்.

"திட்டலாம்னுதான் வந்து உக்காந்தேன்" என்றார். "ஒண்ணும் அகப்படலே. வீடு மூச்சு விடுற மாதிரி இருக்கு, லுட்கார்ட்."

கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "என் வீட்டுக்கும் போடுவானா?" என்று கேட்டார்.

பிரஷை எப்போது திருப்பி அனுப்பப்போகிறாய்?

அக்கா

•

கென்ட்
15 ஆகஸ்டு, மாதாவின் விண்ணேற்புத் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மிக நலம். நீ எப்படி இருக்கிறாய்? திருநாளை நினைவு வைத்து எழுதுகிறேன் பார். பிரஷ் திரும்பி வராது. புதிதாக இரண்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

சொல்லாமல் போனதற்குக் காரணம், பேசினால் கலைந்துவிடும் என்ற பயம். அன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபோது, வெள்ளைச் சுவரும் கறுப்புத் தாரும் சந்திக்கிற இடத்தில் நான் இதுவரை போடாத ஒரு கோட்டைக் கண்டேன். அது உதறவில்லை. ஓடிக்கொண்டிருந்தது. சின்ன பிரஷைப் பிடித்தால் நடுக்கம் மணிக்கட்டில் நின்று கோட்டைக் கடிக்கிறது. ஆள் உயரக் கட்டையை இடுப்பில் முட்டுக்கொடுத்தால் அது உடம்பு முழுக்க இறங்கிவிடுகிறது. தாரும் இளகிய சரக்கல்ல. சின்ன உதறலை விழுங்கிவிட்டுப் பெரிய அலையை மட்டும் வைத்துக்கொள்கிறது.

துணியில் அது உடனே வந்துவிடவில்லை. தார் உலர்ந்து வெடித்தது. ஆளிவிதை எண்ணெய் கலந்து காய்ச்சினேன். நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு துணியைப் பார்த்து, "இது என்ன, கடலா?" என்றார். "இல்லே, கழனி" என்றேன். "நானும் அந்தப் பக்கத்து ஆளுதான். ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணியைத் தரையில் விரித்து, சுண்ணாம்பு அடித்து, அதன் ஓரமாகவே நடக்கிறேன். பழைய கோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டது. இது மூச்சு விட்டுக்கொண்டு போடுவது. நாற்பது வருடமாக நான் மூச்சைப் பிடித்தே வைத்திருந்தேன் போலிருக்கிறது, அக்கா.

நேற்று ஹன்னெலோர் வந்தாள். கையைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஐயா, அப்போ கடையை எங்கே வெக்கிறது?"

"தெருவிலே வை."

மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். நான்காம் அறையின் குறுக்குச் சுவரை இடிக்கப்போகிறார்களாம். படம் பெரியது, அறை சிறியது.

அக்டோபர் இருபது. ஆஷீலையும் அழைத்து வா. அவர் வீட்டுச் சுவரை வசந்தத்தில் போட்டுத் தருகிறேன் என்று சொல்.

உன் தம்பி,
ஃபிர்மின்

•

லாம்பர்னிஸே
22 அக்டோபர்

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ களைத்துப்போயிருப்பாய், இரண்டு நாள் நன்றாகத் தூங்கு.

சனிக்கிழமை உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். தொப்பி வைத்தவர்களைத் தாண்டி உன்னிடம் வர முடியவில்லை. பரவாயில்லை. நீ முன்னால் நின்றாய், நான் பின்னால் நின்றேன். உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

முதல் மூன்று அறைகளிலும் ஜனங்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். சேற்றுக்கு முன்னால் நம்மூர்க்காரர்கள் இது யார் வயல் என்று சண்டை போட்டார்கள். வெள்ளை அறையில் குரலைத் தாழ்த்தினார்கள். கோட்டு அறையில் ஒரு பையோடு வந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "இவரு இங்கேயே நிறுத்தியிருந்தாலும் போதும்" என்றாள். அவர், "இன்னும் ஒரு அறை இருக்கு, வா" என்றார்.

அந்த வாசலைத் தாண்டியதும் பேச்சு நின்றது, ஃபிர்மின். சொல்லி வைத்த மாதிரி. உள்ளே போனவர்கள் எல்லோரும் நடையைக் குறைத்தார்கள். நான்கு சுவரிலும் அந்தக் கறுப்பு, இடுப்பு உயரத்தில் ஏறி இறங்கி ஏறிப் போகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நான் ஒரு சுவரைத் தொடர்ந்து நடந்துகொண்டே போனேன். முழங்கால் வலி எந்த இடத்தில் நின்றது என்று தெரியாது.

ஆஷீல் மேல்கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு நடுவில் நின்றார். ஒரு கேலியும் வரவில்லை. கைத்தடி வைத்த ஒரு பெரியவர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். அந்த ஆளின் கையும் உன் கை மாதிரிதான். தடி தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்தாச்சே!" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். ஆஷீல் பையிலிருந்து கையை எடுத்து அவருக்குக் கை கொடுத்தார், ஏதோ அவர்தான் ஓவியர் என்பது போல.

பிறகுதான் நகராட்சித் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். சேறு, வெள்ளை, கோடு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில், "ஒரு மாபெரும் கலைவாழ்வின் நிறைவான முடிவுரையாக இந்த நான்காம் அறை நம்முன் நிற்கிறது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் உன் பிடரியைப் பார்த்தேன், சிவந்துவிட்டது. சின்ன வயதில் உன்னை யாராவது பொய் சொல்கிறாய் என்றால் அப்படித்தான் சிவக்கும்.

நீ கண்ணாடிக் கோப்பையை உயர்த்தினாய். வலது கையால். நடுங்கும் என்று தெரிந்தே அந்தக் கையால்தான் உயர்த்தினாய். பீர் பாதி அவருடைய பளபள செருப்பில் கொட்டியது. நீ கையை இறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"முடிவுரையா?" என்றாய். "எனக்கு இப்பத்தான்யா கை வந்திருக்கு!"

ஒலிபெருக்கி அவரிடம் இருந்தது. நீ வெறும் வாயால்தான் சொன்னாய். ஆனாலும் கடைசி வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது, எனக்குப் பின்னால் வாசலில் நின்ற காவலருக்கும் கேட்டது. அவர்தான் முதலில் கை தட்டினார். அதற்கப்புறம் அந்த அறை கொண்ட சத்தத்தை என் வயதில் நான் பாடல் பூசையில்கூடக் கேட்டதில்லை. சுவர் தாங்குமா என்று பார்த்தேன். ஆஷீல் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தார், சந்தையில் மாடு கூப்பிடுகிற மாதிரி. நான் தடுக்கவில்லை.

நேற்று பூசையில் நன்றி சொல்லியாயிற்று. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

என்றும் உன் அக்கா,
லுட்கார்ட்